மூன்றாவது சிலிண்டர்

பெருமாட்டிப் பக்கத்தில் பூபதிராஜாவைத் தெரியாத ஆள் இல்லை. தென்னந்தோப்பு வைத்திருப்பதால் வந்த பேர் அல்ல அது. அங்கே தோப்பு இல்லாதவரைத்தான் தேட வேண்டும். பழைய வண்டிப் பைத்தியம் என்று வந்த பேர். எங்கேயோ ஒரு மாட்டுக்கொட்டகையில் அறுபது வருஷத்து ஸ்கூட்டர் கிடக்கிறது, அதன் மேல் கோழி அடைகாக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், மனிதர் தட்டில் போட்ட சோற்றை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். கோழியைத் துரத்திவிட்டு ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டுதான் வருவார். சில மாதம் கழித்துப் பார்த்தால் அது கோவிந்தாபுரம் ரோட்டில் மினுமினுவென்று போய்க்கொண்டிருக்கும். தேங்காய்க் களத்துக்குப் பின்னால் அவருக்கென்று ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு அம்பாசிடர், இரண்டு பழைய மோட்டார் சைக்கிள், ஒரு டிராக்டர். எல்லாம் அவர் கைபட்டு உயிர் வந்தவை. "ஏனுங்க, செத்ததையெல்லாம் எழுப்பறீங்களே, எங்க ஊட்டு மிக்சியக் கொஞ்சம் பாருங்க" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். அதையும் வாங்கிப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பார்.

அந்தக் கொட்டகையில் ஒரு வண்டி நிற்கிற இடம் மட்டும் காலியாகவே கிடந்தது. அவருடைய அப்பா அந்தக் காலத்தில் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பெட்ரோல் ஜீப்புக்கு உரிய இடம் அது. தம்பி சிவப்பிரகாஷ் அந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது.

எடுத்துக்கொண்டு போனான் என்பது பூபதிராஜா ஊரில் சொல்லிவைத்திருந்த பேச்சு. நடந்தது அப்படியல்ல. கேரட்டும் முட்டைக்கோசும் வாங்கிவந்து எல்லைச் சந்தையில் விற்பதற்காக அந்த ஜீப்பில் மூணாறு பக்கம் போய்வந்துகொண்டிருந்த சிவப்பிரகாஷ், தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த சித்ராவைக் கட்டிக்கொண்டு ஒருநாள் வாசலில் வந்து நின்றான். அவள் வேறு சாதி. அப்பா அப்போது உயிரோடு இல்லை. அண்ணன்தான் வீட்டுக்குப் பெரியவர். பெரியவர் வாசற்படியில் ஏறி நின்றுகொண்டு, "இந்தப் படிய இனி நீ மிதிக்கக் கூடாது" என்றார். தம்பி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அழுதுகொண்டு நின்ற சித்ராவை ஏற்றிக்கொண்டு, வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போய்விட்டான். மலைக்கு மேலே வட்டவடையில் நிலம் குத்தகைக்குப் பிடித்துப் பூண்டும் பீன்ஸும் போட்டுப் பிழைக்கிறான் என்று யார் யாரோ வந்து சொன்னார்கள்.

அன்றிலிருந்து பூபதிராஜா, "எங்கப்பன் ஜீப்பத் தூக்கிட்டுப் போயிட்டான்" என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார். தம்பியை நினைத்தால் அவருக்குத் தொண்டை அடைக்கும். ஜீப்பை நினைத்தால் கோபம் வரும். நாலு பேர் நடுவில் கோபப்படுவது எளிது, தொண்டை அடைத்து நிற்பது கஷ்டம். ஆகவே ஜீப்பைப் பற்றியே பேசினார், ஊரும் அதைத்தான் நம்பியது.

மார்கழி தொடக்கத்தில் ஒரு போன் வந்தது.

"நான் சித்ரா பேசுதேன் மாமா, வட்டவடையிலருந்து" என்றது குரல். "அவுகளுக்கு முடியல. ஈரல்ல கட்டி. பெரிய ஆசுபத்திரியில பாத்துட்டு, இனி ஒண்ணும் செய்ய வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கனு விட்டுட்டாக. ஒங்களப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காக."

பூபதிராஜா, "சரி" என்று மட்டும் சொன்னார். மனைவியிடம்கூட முழுசாகச் சொல்லாமல், மறுநாள் விடியும்போதே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு என்று ஏறி வட்டவடை போய்ச் சேரும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. வழி முழுக்க ஒரே யோசனை. தம்பியைப் பார்த்ததும் என்ன சொல்வது? "அன்னிக்கு நான் சொன்னது தப்பு, வா, ஊட்டுக்குப் போலாம்." அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அதை வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சித்ராவின் தம்பி பாண்டித்துரை மூணாறு லைனில் ஜீப் ஓட்டுகிறவன். அவன்தான் வழியில் நின்று வீட்டுக்குக் கூட்டிப் போனான். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வீடு. உள்ளே கட்டிலில் ஒருவன் கம்பளித் தொப்பி போட்டுப் படுத்திருந்தான். அது தம்பி என்று புரிந்துகொள்ளவே பூபதிராஜாவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாகி, கழுத்து குச்சியாகியிருந்தது.

"வாங்ணா" என்றான் சிவப்பிரகாஷ்.

"ம். எப்படி இருக்கற?"

"இருக்கறனுங்ணா."

வழியெல்லாம் பழக்கிக்கொண்டு வந்த வார்த்தைகள் எங்கே போய் ஒளிந்தனவோ தெரியவில்லை. சித்ரா வாசலில் நின்றாள், பாண்டித்துரை நின்றான், எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். ஏதாவது பேசியாக வேண்டும்.

"ஜீப்பு எங்க?" என்றார்.

பதினான்கு வருஷம் கழித்து, சாகக் கிடக்கிற தம்பியிடம் கேட்கிற கேள்வியா இது? கேட்ட மறுநொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. சித்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் படுத்திருந்தவன் சிரித்தான்.

"பின்னால கொட்டாய்ல நிக்குதுங்ணா. ஓடி நாலஞ்சு வருசம் ஆச்சு. இன்ஜின் ஜாமு. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். தம்பி படுத்திருந்த அறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர்தான். பழைய பூச்சி மருந்து டின்கள், கிழங்குச் சாக்குகள், அவற்றுக்கு நடுவே அப்பாவின் ஜீப். பானெட்டைத் தூக்கினார். முன்பக்கம் இருந்த ஓட்டையில் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைக் கொடுத்து உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினார். பாறையில் கம்பியைச் சொருகி அமுக்கின மாதிரி இருந்தது. கார்புரேட்டர் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே துரு பிடித்திருக்கும், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் அவருக்கு அப்போது பெரிய நிம்மதி வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. இங்கே தெரியும். இந்த இன்ஜினைச் சரிசெய்து, தம்பியைப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்து, மலை இறங்கி ஊருக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். போகிற வழியில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். முகத்தைப் பார்த்து வராத வார்த்தை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தால் வரும். அப்படித்தான் அவர் நினைத்தார்.

உள்ளே வந்து, "இத ஓட வச்சர்றேன் பிரகாசு. அப்பா ஜீப்புலயே ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

"சரிங்ணா."

"ஒங்க கார்லயே கூட்டிட்டுப் போகலாமே மாமா" என்றாள் சித்ரா. "நாளைக்கேனாலும் போகலாம். இப்பனா அவுக உக்காந்து வருவாக."

"ஜீப்புல போனவன் ஜீப்புலயே வரட்டும் அம்மிணி."

சித்ரா புருஷனைப் பார்த்தாள். அவன், "அண்ணன் சொல்றபடி ஆகட்டும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஜாம் ஆன இன்ஜினை அடித்து உதைத்து எழுப்பக் கூடாது, ஊறப் போட வேண்டும். அதில் பூபதிராஜாவுக்கு ஒரு சொந்த வைத்தியம் இருந்தது. சொந்தத் தோப்புத் தேங்காயைச் செக்கில் ஆட்டி எடுத்த எண்ணெயைச் சூடாக்கி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய ஓட்டை வழியாக உள்ளே ஊற்றிவிடுவார். எண்ணெய் துருவுக்குள் மெல்ல இறங்கும். பத்து நாளில் பிஸ்டன் இளகிவிடும். பெருமாட்டியில் அந்த வைத்தியம் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அந்த டிராக்டர் அப்படித்தான் பிழைத்தது. காரில் எப்போதும் ஒரு கேன் எண்ணெய் கிடக்கும். அன்று சாயங்காலமே அடுப்பில் சுட வைத்து நாலு சிலிண்டரிலும் நிறைய ஊற்றி மூடினார்.

"ஊறட்டும். தோப்புல தேங்கா வெட்டு இருக்குது, முடிச்சுப்போட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் ஊருக்குத் திரும்பினார்.

பத்து நாள் ஊரில் இருந்தார். தினமும் சித்ராவுக்குப் போன் செய்து, "ஜீப்புப் பக்கம் யாரும் போகலைல்ல?" என்று கேட்டார். "போகல மாமா" என்பாள். "பிரகாசு?" என்பார் அடுத்து. "இருக்காக" என்பாள். இரண்டு கேள்வியையும் இந்த வரிசையில்தான் கேட்டார். வேறு வரிசையில் கேட்க அவருக்கு வரவில்லை.

திரும்பிப் போய் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது பூபதிராஜா அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாலு சிலிண்டரிலும் வெள்ளை வெளேரென்று எண்ணெய் கட்டியாக உறைந்து கிடந்தது. ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை. வட்டவடையில் மார்கழிக் குளிர் விரலைக் கடிக்கும். மதியத்திலும் மூச்சு புகையாக வரும். பெருமாட்டியிலேயே மார்கழியில் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கித்தான் எடுப்பார்கள். நானூறு தென்னைக்குச் சொந்தக்காரருக்கு இது தெரியாதா? தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். இன்ஜின் என்று வந்ததும் தலையில் இருந்தது அத்தனையும் மறந்துபோயிற்று.

பாண்டித்துரை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டான். "பெரியவரே, இன்ஜினுக்குள்ள மெழுகுவத்தி ஊத்தி வச்சிருக்கீக."

சித்ரா சிரிக்கவில்லை. "இங்க தேங்கா எண்ணெய கரண்டியால வெட்டித்தான் எடுப்போம் மாமா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள்.

கேட்டிருக்கலாம்தான். அவளிடம் ஒரு யோசனைகூட அவர் கேட்டதில்லை. அந்தப் பத்து நாளில் சிவப்பிரகாஷ் உட்கார முடியாத நிலைக்குப் போயிருந்தான். இப்போது காரிலும் கூட்டிப் போக முடியாது. பூபதிராஜா அதைப் பார்த்தார். பார்த்தும், ஜீப்பில் பின்பக்கம் மெத்தை போட்டுப் படுக்க வைத்துக் கொண்டு போகலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

இந்த முறை அவர் ஊருக்குத் திரும்பவில்லை. முன்னறையில் படுத்துக்கொண்டார். உறைந்த எண்ணெயைச் சுரண்டி எடுத்து, டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றினார். மூன்றாவது சிலிண்டர்தான் வில்லங்கம் என்று தெரிந்தது. அதன் சுவரைச் சுற்றி மோதிரம் மாதிரி துரு. ஒரு பிஸ்டன் ஒட்டிக்கொண்டால் நாலும் நின்றுவிடும், ஒரே தண்டில் கோத்தவை அவை. கிராண்டிஸ் என்கிற யூக்கலிப்டஸ் மரக்கட்டை ஒன்றைச் செதுக்கி அந்தப் பிஸ்டன் தலையில் வைத்துச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். ஓங்கி அடித்தால் பிஸ்டன் உடையும். மெல்ல, ஒரே சீராக, நாள் முழுக்கத் தட்ட வேண்டும். டொக், டொக், டொக் என்று காலையில் ஆரம்பித்தால் சோற்றுக்குத்தான் நிறுத்துவார். நடுநடுவே ஹேண்டிலைப் போட்டு அமுக்கிப் பார்ப்பார். அசையாது. மறுபடி டீசல், மறுபடி கட்டை.

சோற்றுக்கு வரும்போது கட்டில்கால் பக்கம் வந்து நிற்பார். "இன்னிக்குக் கொஞ்சம் எளகற மாதிரி தெரியுது" என்பார்.

"சரிங்ணா."

"நாளைக்கு எப்படியும் அசைஞ்சுரும்."

"அசையுமுங்ணா. அவசரமில்ல."

ஒருநாள் சிவப்பிரகாஷ், "சித்தெ உக்காருங்ணா" என்றான். கட்டில் ஓரத்தில் கையால் இடம்கூடக் காட்டினான்.

"மேலெல்லாம் கிரீசு" என்றார் பூபதிராஜா. நாற்காலி ஒன்று காலியாகத்தான் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெளியே போய்விட்டார். உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று அவருக்குப் பயம். ஐம்பத்தெட்டு வயதில், தான் விரட்டிவிட்ட தம்பிக்கு முன்னால், தான் விரட்டிவிட்ட பெண்ணுக்கு முன்னால் அழ அவருக்கு வெட்கமாக இருந்தது. ஜீப் ஓடட்டும், ஓடின பிறகு அழுதுகொள்ளலாம் என்று போய்ச் சுத்தியலை எடுத்தார்.

இப்படியே போனால் ஆகாது என்று ஒருநாள் முடிவு செய்தார். கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. அங்கே போய்ப் பிஸ்டனை இழுத்தெடுக்கிற கருவியும், அப்படியே பிஸ்டனில் மாட்டுகிற புது ரிங் செட்டும் வாங்கி வந்துவிட்டால் வேலை முடிந்தது.

"இப்பப் போகணுமா மாமா?" என்றாள் சித்ரா. "அவுக நெலம சரியில்ல. நேத்துலருந்து கஞ்சிகூட எறங்கல."

"அதுக்குத்தான் அம்மிணி போறேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்தர்றேன்."

போகும்போது கட்டிலைப் பார்த்தார். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப வேண்டாம் என்று நினைத்தார். சொல்லிக்கொள்ளாமல் போனார்.

உக்கடத்தில் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு கடையில் ரிங் இருந்தது, கருவி இல்லை. இன்னொரு கடையில் கருவி இருந்தது, கடைக்காரர் இல்லை. மறுநாள் மதியம்தான் எல்லாம் கைக்கு வந்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓட்டியும் சின்னாறு வருவதற்குள் இருட்டிவிட்டது. யானை நடமாட்டம், காட்டுக்குள் வண்டி விடமாட்டோம், காலையில் வாருங்கள் என்று சோதனைச் சாவடிக் கேட்டை மூடிவிட்டார்கள். கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். "எல்லாரும் அவசரம்னுதான் சொல்றாங்க சேட்டா" என்றான் காவலுக்கு நின்ற பையன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

காரைத் திருப்பி ஓரமாக நிறுத்தும்போது போன் அடித்தது. பாண்டித்துரை.

"பெரியவரே, மச்சான் போயிட்டாரு. மதியமே போயிட்டாரு. இங்க டவரே இல்ல, இப்பத்தான் லைன் கெடச்சுது."

பூபதிராஜா "சரி" என்றார். பக்கத்துச் சீட்டில் ரிங் செட்டு செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது.

காலையில் போய்ச் சேர்ந்தபோது தம்பியை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். அவருக்காகத்தான் காத்திருந்தார்கள். குளித்து, வேட்டி மாற்றி, தலைமாட்டில் போய் நின்றார்.

"ஊட்டுக்குக் கொண்டு போலாமா அம்மிணி?" என்று சித்ராவிடம் கேட்டார். அவளிடம் அவர் முதன்முதலாகச் சம்மதம் கேட்டது அப்போதுதான்.

"வேண்டாம் மாமா" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "இங்கதான் பதினாலு வருசம் பொழச்சாக. பூண்டு வயக்காட்டு ஓரத்துலயே இருக்கட்டும்."

சரி என்று தலையாட்டினார். அந்த ஒரு வார்த்தையையாவது இப்போது சொல்லிவிடலாம் என்று குனிந்தார். அன்று நான் சொன்னது தப்புடா என்று காதோடு சொன்னால் போதும், யாருக்கும் கேட்காது. சுற்றிலும் ஆட்கள், ஒப்பாரி, பாண்டித்துரையின் கை அவர் தோளில். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. உயிரோடு இருந்தவனிடமும் சொல்லவில்லை, செத்தவனிடமும் சொல்ல முடியவில்லை. நிமிர்ந்துவிட்டார். தூக்குங்கள் என்றார்கள், அவரும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பால் ஊற்றி, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு பூபதிராஜா சாமான்களை எடுத்து வைக்கலாம் என்று கொட்டகைக்குப் போனார். வேலைச் சாமான்களை வைத்த இடத்தில் வைக்கிற மனிதர் அவர். சுத்தியல் எப்போதும் சாக்கின் மேல், கைப்பிடி வலது பக்கமாக இருக்கும். இப்போது அது மட்கார்டு மேல் கிடந்தது. மரக்கட்டையின் ஓரம் சிதறியிருந்தது. சுத்தியல் பிடிக்கத் தெரியாத யாரோ கோணலாக அடித்திருக்கிறார்கள். பாண்டித்துரை ஏதாவது நோண்டிவிட்டானா என்று ஹேண்டிலைச் சொருகி அமுக்கினார்.

ஹேண்டில் இறங்கியது.

கையை எடுத்துவிட்டார். மறுபடி பிடித்து மெல்ல அமுக்கினார். கறகறவென்று துரு உரசிக்கொண்டு கால் சுற்று, அரைச் சுற்று, முழுச் சுற்று வந்தது. நாலு பிஸ்டனும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஏறி இறங்கின. இன்ஜினின் பிடி விட்டுவிட்டது.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினார். சித்ரா கதவோரம் நின்றிருந்தாள். அவள் பார்வை சுத்தியல் மேல் இருந்தது.

"நாந்தான் மாமா தட்டுனேன்" என்றாள்.

"நீயா? எதுக்கு?"

"நீங்க கோயமுத்தூரு போன அன்னிக்கு அவுக கண்ண மூடவே இல்ல. சத்தம் கேக்கலயே, அண்ணன் எங்கனு கேட்டுக்கிட்டே இருந்தாக. சாமான் வாங்கப் போயிருக்காக, வந்துருவாகனு சொன்னேன். நம்பல. 'கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா? நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா?'னு கேட்டாக."

பூபதிராஜா ஹேண்டிலைப் பிடித்தபடியே நின்றார்.

"ராத்திரி பூரா அதே கேள்விதான். பாக்க முடியல மாமா. அதான் காலையில இங்க வந்து, நீங்க தட்டுத மாதிரியே தட்டுனேன். கொஞ்ச நேரம் தட்டிட்டு உள்ள போனேன். 'அண்ணன் வந்துட்டாரா?'ன்னாக. ஆமான்னேன். 'வேலை பாக்கட்டும், கூப்பிடாத'ன்னாக. மொகம் தெளிஞ்சிருச்சு. கண்ண மூடித் தூங்கிட்டாக. நிறுத்துனா முழிச்சுக்குவாகளோனு திரும்ப வந்து தட்டுனேன். மதியம் வரைக்கும் நிறுத்தவே இல்ல. கை மரத்துப் போயி, சரி, ஒரு வாய்த் தண்ணி குடுப்போம்னு உள்ள போனா..."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பூபதிராஜா ஜீப்பின் பம்பர் மேல் உட்கார்ந்தார். இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை அப்போது வந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் தேற்றவில்லை. அழட்டும் என்று நின்றாள்.

"அவுக இந்த ஜீப்பக் கேக்கவே இல்ல மாமா" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "நீங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கீகனு தெரிஞ்சா போதும் அவுகளுக்கு. 'இது ஓட ஆரம்பிச்சா அண்ணன் எடுத்துட்டுப் போயிருவாரு சித்ரா, ஓடாமயே இருக்கட்டும்'னுகூட ஒருக்கா சொன்னாக. நாந்தான் ஒங்ககிட்டச் சொல்லல. சொல்லியிருக்கணும்."

"நீ என்ன பண்ணுவ அம்மிணி. நான் உக்காந்திருக்கோணும்" என்றார் அவர். "நாக்காலி கெடந்துது. உக்காந்திருக்கோணும்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்ஜினைப் பார்த்தாள். "நான் தட்டுனதுல எதுவும் ஒடஞ்சு போச்சா மாமா? எளகுச்சா?"

பூபதிராஜாவின் கை ஹேண்டில் மேல் போயிற்று. ஒரு விரலால் தள்ளினால் போதும், சுற்றும். அவள் புருஷன் கண்ணை மூடுகிற நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவள், இங்கே நின்று இந்த இரும்பை இளக்கிக்கொண்டிருந்தாள் என்று அவர் எப்படிச் சொல்வார்? சொன்னால், அடுத்து வண்டியை எப்போது எடுத்துப் போகிறீர்கள் என்று அவள் கேட்பாள். ரிங் போட்டால் நாலு நாளில் ஓடிவிடும். அப்புறம் இந்த வீட்டுக்கு வர அவருக்கு எந்தக் காரணமும் இருக்காது.

"இல்ல அம்மிணி" என்றார். "ஒண்ணும் ஒடையல. அப்படியேதான் புடிச்சுட்டு நிக்குது."

"அப்ப?"

"நாளாகும். நான் வந்து வந்து பாக்கறேன்."

சித்ரா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி மாமா" என்றாள். "சோறு எடுத்து வைக்கேன், உள்ள வந்து உக்காருங்க."